1968-ஐ மேசையில் ஓட்ட எந்த வண்டி? பிரிட்டிஷ் டீசல் ரயில்கள் ஐந்தின் ஒப்பீடு

மாதிரி ரயில் அமைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "அறுபதுகளின் இறுதியில் இருந்த பிரிட்டிஷ் நிலையம் ஒன்றைச் செய்யப் போகிறேன். நீராவி வேண்டாம். அந்தக் காலத்து டீசல் மல்டிபிள் யூனிட் (தனி இன்ஜின் வண்டி இல்லாமல் தானே ஓடும் டீசல் ரயில்) ஒன்று இருந்தால் போதும். எதை வாங்கலாம்?" கேட்பவர் கையில் நாலைந்து வண்டிகளின் படங்கள் இருக்கும். எல்லாமே பச்சை உடல், எல்லாமே மஞ்சள் முகம், எல்லாமே பிடித்திருக்கிறது. அங்கேதான் சிக்கல்.

என் பதில் எப்போதும் மறுகேள்விதான்: எந்த ஊர், எந்த ஆண்டு? அதைச் சொல்லிவிட்டால் ஐந்தில் மூன்று தானாகவே கழிந்துவிடும். சொல்லாமல் வண்டியை வாங்கியவர்கள் பிறகு வண்டிக்கு ஏற்ற ஊரைத் தேடி அலைகிறார்கள். கடைசியில் கார்ன்வால் கடற்கரையில் யார்க்ஷயர் வண்டியை நிறுத்திவிட்டு, பார்ப்பவர்களிடம் சமாதானம் சொல்கிறார்கள். அந்த வம்பு வேண்டாம் என்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

## வண்டியின் இயல்பு

டீசல் மல்டிபிள் யூனிட் என்றதும் நமக்கு டெமு ரயில் நினைவுக்கு வரும். டெமுவில் டீசல் இன்ஜின் மின்சாரம் உற்பத்தி செய்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். பிரிட்டிஷ் ரயில்வே 1954 முதல் 1963 வரை வாங்கிக் குவித்த ஏறத்தாழ நாலாயிரம் பெட்டிகளில் பெரும்பாலானவை வேறு வகை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் இன்ஜின் செய்தவர்களின் 150 குதிரைத்திறன் டீசல் இன்ஜின்கள் இரண்டு, பெட்டியின் தரைக்கு அடியில் படுக்கைவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். நான்கு கியர். டிரைவர் திராட்டிலை மூடி, கியர் கைப்பிடியை நகர்த்தி, இன்ஜினின் வேகம் இறங்கும்வரை ஒரு கணம் பொறுத்து, மறுபடி திறப்பார். அந்த ஒரு கணத்தில் வண்டி மூச்சுவிடுவதை உள்ளே இருப்பவர்கள் உணர்வார்கள். நிலையத்தில் நிற்கும்போது சன்னல் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கும்.

பிரிட்டிஷ் ரயில்வேயின் தெற்குப் பிராந்தியம் மட்டும் டீசல்-மின்சார வழியைப் பிடித்தது. ஹேஸ்டிங்ஸ், ஹாம்ப்ஷயர் வண்டிகள் தனிக் கதை. அவற்றை இங்கே எடுக்கவில்லை.

பயணிகளுக்கு இந்த வண்டிகள் கொடுத்த பெரிய பரிசு முன்பக்கக் காட்சி. டிரைவர் அறைக்குப் பின்னால் இருந்தது கண்ணாடித் தடுப்பு. அதன் பின்னே உட்கார்ந்தால் தண்டவாளம் விரிந்து வருவதை டிரைவரின் தோளுக்கு மேலாகப் பார்க்கலாம். இரவில் டிரைவர் திரையை இறக்கிவிடுவார். சிலர் பகலிலும் இறக்கிவிடுவார்கள். மாதிரி செய்பவருக்கு இதனால் ஒரு வேலை கூடுகிறது. இந்த வண்டியில் உள்ளே இருப்பது எல்லாமே வெளியே தெரியும்.

## எடைபோட ஐந்து அளவுகோல்

ஆண்டு. 1966-க்கும் 1969-க்கும் இடையில் பிரிட்டிஷ் ரயில்வேயின் முகமே மாறியது. அதற்கு முன் டீசல் ரயில்கள் பச்சை. முகப்பில் மீசைபோல வளைந்த வெளிர் கோடுகள். அறுபதுகளின் தொடக்கத்தில் மீசையை எடுத்துவிட்டுச் சிறிய மஞ்சள் கட்டம் ஒன்றைப் போட்டார்கள். நீராவி இன்ஜின் வருவதைப் புகையும் இரைச்சலும் சொல்லிவிடும்; டீசல் வண்டி அப்படிச் சொல்லாது என்பதால், தண்டவாளத்தில் வேலை செய்பவர்களுக்கான எச்சரிக்கை அது. 1965-இல் இரட்டை அம்புச் சின்னம் வந்தது, 1966 முதல் நீலம் பரவியது, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மஞ்சள் முகப்பு முழுவதையும் மூடியது.

ஆனால் எந்தப் பணிமனையும் எல்லா வண்டிகளுக்கும் ஒரே நாளில் வண்ணம் பூசுவதில்லை. ஆகவே 1968-இல் முழு மஞ்சள் முகத்தோடு பச்சை வண்டி, சிறு மஞ்சள் கட்டத்தோடு நீல வண்டி, ஒரு பெட்டி பச்சை மறு பெட்டி நீலம் என்ற ஜோடி எல்லாமே ஓடின. இந்த ஆண்டுகளை நான் விரும்புவதே இந்தக் கலவைக்காகத்தான். வெள்ளை உடலில் நீலப் பட்டையோடு விற்கும் மாதிரியைத் தவிர்த்துவிடுங்கள். அது எழுபதுகளின் நடுவில் புதுப்பிக்கப்பட்டபோது வந்த கோலம்.

பிராந்தியம். பெட்டி எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். டபிள்யூ என்றால் மேற்கு, எம் என்றால் லண்டன் மிட்லண்ட், எஸ்சி என்றால் ஸ்காட்லாந்து, இ என்றால் கிழக்கும் வடகிழக்கும். எண்ணும் பேசும்: 50, 51 என்று தொடங்கினால் இன்ஜின் உள்ள பெட்டி, 55 ஒற்றைப் பெட்டி, 56 டிரைவர் அறை உள்ள, ஆனால் இன்ஜின் இல்லாத இழுவைப் பெட்டி, 59 நடுப்பெட்டி. கடைக்காரர்கள் சொல்லும் 101, 108 போன்ற வகுப்பு எண்கள் அந்தக் காலத்தில் பெட்டியின்மேல் எழுதப்பட்டவை அல்ல. அப்போது கட்டிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் வண்டியைக் குறிப்பிட்டார்கள். இங்கே வாங்கும் வசதிக்காக வகுப்பு எண்களையும் தருகிறேன்.

இடம். டபுள் ஓ அளவில், அதாவது 76-இல் ஒரு பங்கில், 57 அடிப் பெட்டி ஏறத்தாழ 23 செ.மீ. வரும்; 64 அடிப் பெட்டி 26 செ.மீ. இந்த 3 செ.மீ. வித்தியாசம் வளைவில் கண்ணை உறுத்தும். 438 மி.மீ. ஆரமுள்ள வளைவில் நீளப் பெட்டியின் மூலைகள் நடைமேடையைத் தொட்டுவிடும் அளவுக்கு வெளியே நீளும். இன்னும் சிறிய அளவான 'என்' கேஜில் எல்லாமே ஏறத்தாழ பாதி.

வேலை. வண்டி வந்து நின்று திரும்பிப் போவது மட்டும் போதுமா, அல்லது சேர்ப்பதும் பிரிப்பதும் வேண்டுமா? அந்த வண்டிகளில் முகப்பில் ஒரே இணைப்புக் குறி உள்ளவை மட்டுமே சேர்ந்து ஓடும். பெரும்பான்மை நீலச் சதுரம். மற்றவற்றுக்கு வேறு நிறம், வேறு வடிவம். நீலச் சதுர வண்டி எந்த நிறுவனம் கட்டியதாக இருந்தாலும் இன்னொரு நீலச் சதுரத்தோடு இணையும். இது ஓட்டுபவருக்குப் பெரிய சுதந்திரம்.

மொத்தச் செலவு. பெட்டியில் ஒட்டியிருக்கும் விலை மட்டும் செலவு அல்ல. டிகோடர் (வண்டிக்குள் வைக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சில்லு), உள்விளக்கு, உட்காரும் மனித உருவங்கள், மறுவண்ணம், எண் மாற்றம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்புக் கட்டணமும் சுங்க வரியும். மறுபக்கம் ஒரு மிச்சமும் உண்டு. இந்த வண்டிக்கு இரு முனையிலும் டிரைவர் அறை இருப்பதால் இன்ஜினைச் சுற்றிக் கொண்டுவரும் லூப் பாதை தேவையில்லை. தண்டவாளம் பிரியும் இரண்டு பாயின்ட்டுகளும் அவற்றின் மோட்டார்களும் மிச்சம். நிஜத்திலும் அதேதான் நடந்தது. அறுபதுகளின் இறுதியில் கிளைப் பாதைகளில் லூப்களைப் பிடுங்கி, சிக்னல் அறைகளை மூடி, ஒற்றைத் தண்டவாளத்தின் முனையில் ஒரு தடுப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். 1967-இல் கிழக்கு சஃபோக் பாதையில் ரயில்வே மேலாளர் ஜெரார்ட் ஃபைன்ஸ், நிலைய ஊழியர்களை எடுத்துவிட்டு கார்டே வண்டிக்குள் டிக்கெட் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆளில்லாத நிலையம், பூட்டிய டிக்கெட் அறை, களை முளைத்த சரக்குப் பகுதி: 1968-ஐச் செய்ய இதைவிட மலிவான அலங்காரம் கிடையாது.

## ஒரே பார்வையில்

| வண்டி | கட்டப்பட்ட காலம் | டபுள் ஓ நீளம் | 1967–69-இல் எங்கே | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| ஒற்றைப் பெட்டி (121, 122) | 1958–1960 | 26 செ.மீ. | முக்கியமாக மேற்குப் பிராந்தியக் கிளைப் பாதைகள் | சிறிய பலகை |
| இரண்டு பெட்டி (101, 108) | 1956–1961 | 47 செ.மீ. | 101 பல பிராந்தியங்களில். 108 வடக்கிலும் மிட்லண்டிலும் | முதல் வண்டி வாங்குபவர் |
| மூன்று பெட்டிப் புறநகர் (116, 117, 118) | 1957–1961 | 79 செ.மீ. | லண்டன் பேடிங்டன், பர்மிங்காம், தெற்கு வேல்ஸ், தென்மேற்கு | இரட்டைப் பாதை, நீண்ட நடைமேடை |
| டிரான்ஸ்-பென்னைன் (124) | 1960 | 1.6 மீட்டர் | லிவர்பூல்–லீட்ஸ்–ஹல் | தனி அறையே ரயிலுக்கு உள்ளவர் |
| ரயில்பஸ் | 1958 | 15–18 செ.மீ. | ஏறத்தாழ எங்குமில்லை | 1964-க்கு முந்தைய காலம் |

## ஒற்றைப் பெட்டி: சிறிய பலகையின் ராஜா

ரசிகர்கள் இதை பபுள் கார் என்பார்கள். ஒரே பெட்டி, இரண்டு முனையிலும் டிரைவர் அறை, அடியில் 150 குதிரைத்திறன் இன்ஜின்கள் இரண்டு. குளோஸ்டர் நிறுவனம் 1958-இல் 20 பெட்டிகளும், பிரஸ்ட் ஸ்டீல் நிறுவனம் 1960-இல் 16 பெட்டிகளும் கட்டின. முன்னது இன்று 122, பின்னது 121. கூட்டம் அதிகமானால் சேர்த்துக்கொள்ள இன்ஜின் இல்லாத இழுவைப் பெட்டிகளும் சில உண்டு.

இந்த வண்டிக்கு நிஜ ஊர் தேடுவது எளிது. கார்ன்வாலின் லிஸ்கர்ட்–லூ பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் பீச்சிங்கின் 1963 அறிக்கை மூடச் சொன்ன பாதை. 1966-இல் அமைச்சர் பார்பரா காசில் கடைசி நேரத்தில் காப்பாற்றினார். லிஸ்கர்டில் பிரதானப் பாதைக்குச் செங்குத்தாகத் தனி நடைமேடை. அங்கிருந்து இறங்கி, கூம் சந்திப்பில் வண்டி நின்று, டிரைவர் இறங்கி மறுமுனைக்கு நடந்து, திசை மாற்றிக் கடலை நோக்கிப் போக வேண்டும். ஒரு பெட்டி, ஒரு தண்டவாளம், ஒரு திருப்பம். ஒரு மாலை முழுக்க ஓட்டலாம். பட்டணம் வேண்டுமென்றால் ஸ்லவ்–வின்ட்சர், அல்லது ஒரு மைல்கூட இல்லாத ஸ்டூர்பிரிட்ஜ் டவுன் பாதை.

மாதிரி ரயில் நிறுவனமான டேப்போல் இரண்டு வகையையும் டபுள் ஓ அளவில் செய்திருக்கிறது. ஆகவே கிடைப்பது சிரமமில்லை. மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். ஒரே பெட்டி என்பதால் மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் குறைவு. அழுக்குத் தண்டவாளத்திலும் பாயின்ட்டின் மேலும் வண்டி திக்கித் திணறும். பாதையைச் சுத்தமாக வைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இது எரிச்சல் தரும். அடுத்து, பார்வையாளர் பார்ப்பதற்கு வேறு பெட்டியே இல்லை என்பதால் உள்ளே உள்ள ஒவ்வொரு இருக்கையும் கவனிக்கப்படும். வெள்ளொளி எல்ஈடி போட்டால் ஆஸ்பத்திரி வார்டு போல இருக்கும். அந்தக் காலத்து மஞ்சள் பல்பு ஒளிதான் வேண்டும். புகைபோக்கிக் குழாய்கள் ஒரு முனையின் முகப்பில் மட்டும் மேலேறும். மறுமுனை வெறும் முகம். கரி பூசும்போது இரண்டு முனையிலும் பூசிவிடாதீர்கள்.

எங்கே பொருந்தாது? யார்க்ஷயர் ஆலை நகரம், நார்த்தம்பர்லண்டு சுரங்கக் கிராமம், கிழக்கு ஆங்கிலியா. டபிள்யூ எழுத்தோடு இதை அங்கே நிறுத்த முடியாது.

## இரண்டு பெட்டி: மெட்ரோ-கேமலா, டெர்பியா?

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

மெட்ரோ-கேமல் (101). பர்மிங்காமின் மெட்ரோபாலிட்டன்-கேமல் நிறுவனம் 1956 முதல் கட்டியது. முதல் தலைமுறை டீசல் ரயில்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான். ஸ்காட்லாந்து, டைன்சைடு, ஹல், கிழக்கு ஆங்கிலியா, மிட்லண்ட் என்று நாட்டின் பெரும்பகுதியில் ஓடியது. இதன் கடைசி வண்டி பணியிலிருந்து நின்றது 2003 டிசம்பரில். ஆகவே ஊரை இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு இது பாதுகாப்பான வண்டி. எண்ணையும் முன்னெழுத்தையும் மாற்றினால் ஊர் மாறிவிடும். ஹார்ன்பி இதை டபுள் ஓ அளவில் விற்றிருக்கிறது. பழைய பிரதிகள் கைமாற்றுச் சந்தையில் ஏராளம்.

டெர்பி (108). பிரிட்டிஷ் ரயில்வேயின் சொந்த டெர்பி பணிமனை 1958 முதல் 1961 வரை கட்டியது. எடையைக் குறைக்க உடலில் அலுமினியக் கலவை. மான்செஸ்டர் சுற்றுவட்டாரம், லிவர்பூல், கம்பர்லண்டு கடற்கரை, வடகிழக்கு ஆகியவை இதன் நிலம். பாக்மன் நிறுவனத்தின் டபுள் ஓ மாதிரி நீண்ட காலமாகவே ரசிகர்களின் நம்பிக்கைக்குரியது. உட்புறம் சன்னல் வழியே பார்க்கும்படி இருக்கிறது. இந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. 1954-இல் யார்க்ஷயரின் வெஸ்ட் ரைடிங்கில் ஓடத் தொடங்கிய முதல் டெர்பி இலகு வண்டிகள் வேறு. அவை 1969-க்குள் பயணிகள் பணியிலிருந்து போய்விட்டன. அவற்றில் வெஸ்ட் ரைடிங்கில் ஓடியவையோ 1964-லேயே முடிந்தன. கைமாற்றுச் சந்தையில் 'டெர்பி' என்று மட்டும் எழுதியிருந்தால் எண்ணைக் கேளுங்கள். 79 என்று தொடங்கினால் அது பழைய வண்டி.

இரண்டில் எது? ஓட்டத்தில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் நீலச் சதுரம், ஒன்றோடொன்று சேர்ந்தே ஓடும். என் சாய்வு 108 பக்கம். காரணம் மாதிரியின் தரம். ஆனால் நீங்கள் செய்வது ஸ்காட்லாந்தோ கிழக்கு ஆங்கிலியாவோ என்றால் 108-ஐ வலிந்து இழுத்து வராதீர்கள். 101 அங்கே வீட்டுப் பிள்ளை.

வாங்கும் முன் ஜோடியைக் கவனியுங்கள். இரண்டு பெட்டியிலும் இன்ஜின் இருந்தால் 600 குதிரைத்திறன். ஒன்று இழுவைப் பெட்டி என்றால் 300. மலைப்பாதைக்கு 600 அனுப்புவார்கள், சமவெளிக்கு 300 போதும். பென்னைன் மலையடிவாரத்தைச் செய்துவிட்டு இழுவை ஜோடியை ஓட்டினால், விஷயம் தெரிந்தவர் பெட்டியின் அடியைக் குனிந்து பார்த்துப் புன்னகைப்பார். இழுவைப் பெட்டியில் டிரைவர் அறைக்கு உடனே பின்னால் முதல் வகுப்பு, 12 இருக்கை. சன்னலுக்கு மேல் மஞ்சள் கோடு அதற்கான அடையாளம். முன்பக்கக் காட்சி இருக்கும் இடத்தைக் கூடுதல் காசுக்கு விற்றிருக்கிறார்கள். ரயில்வே கணக்கப்பிள்ளைகள் எந்த நாட்டிலும் சாமர்த்தியசாலிகள்தான்.

இந்த வகையின் உண்மையான பலம் அது செய்யும் வேலைகளில் இருக்கிறது. சந்திப்பு நிலையத்தில் இரண்டு ஜோடிகள் சேர்ந்து நான்கு பெட்டியாக வரும். அங்கே பிரிந்து ஒன்று கிளைக்கும் மற்றொன்று நேரேயும் போகும். வாலில் ஒரு பார்சல் வேனை மாட்டி இழுத்துச் செல்வதும் உண்டு. வேனைக் கழற்றி ஓரப்பாதையில் தள்ளிவிட்டு வண்டி போய்விடும். ஒரு வண்டியை வைத்தே கால அட்டவணை போடலாம். நீராவிக் காலத்து ஷன்டிங் சுகத்தை இழந்துவிட்டோமே என்று வருந்துபவர்களுக்கு ஒரு வேன் வாங்கச் சொல்வேன்.

மறைந்த செலவுகள் மூன்று. பழைய மாதிரிகளில் மோட்டார் பயணிகள் பகுதியிலேயே உட்கார்ந்திருக்கும். சன்னலில் கறுப்புப் பெட்டி தெரியும். அதை மறைக்க ஒருவர் கண்ணாடிக்கு அழுக்கு பூசுவார், இன்னொருவர் மோட்டாரையே மாற்றுவார். பின்னது விலை கூடியது. இரண்டாவது, ஒலி டிகோடர். கியர் மாறும்போது ஒலி இறங்கி ஏறும் அந்த இடைவெளியைச் சரியாகத் தரும் ஒலித் தொகுப்பு இருந்தால்தான் காசு கொடுங்கள். இல்லையென்றால் லாரி நிற்பதுபோல இருக்கும். மூன்றாவது, இரண்டாம் ஜோடி. சேர்த்துப் பிரிக்கலாம் என்று நான் சொன்னதை நம்பினால் ஆறு மாதத்தில் இன்னொன்று வாங்குவீர்கள். அதையும் பட்ஜெட்டில் இப்போதே எழுதிவையுங்கள்.

நீலம்-பச்சைக் கலவை ஜோடி வேண்டுமென்றால் இதுதான் சரியான வகை. ஒரே வகுப்பில் பச்சை ஒன்றும் நீலம் ஒன்றுமாகக் கைமாற்றில் வாங்கி, பெட்டிகளை மாற்றிச் சேர்த்தால் இரண்டு கலவை ஜோடிகள் கிடைத்துவிடும். வண்ணத் தூரிகையைத் தொடவே வேண்டாம். ஆனால் முகப்பு மஞ்சளின் அளவு ஆண்டோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

## மூன்று பெட்டிப் புறநகர்: கதவுகளின் வரிசை

பேடிங்டனிலிருந்து ரெடிங் பக்கம், பர்மிங்காம் சுற்றுவட்டாரம், கார்டிஃப் பள்ளத்தாக்குகள். அலுவலகம் போகிறவர்களின் வண்டி. ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் இரு பக்கமும் ஒரு கதவு. வண்டி நின்றதும் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும்; கிளம்பும் முன் படபடவென்று சாத்துவார்கள். கார்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டிரைவருக்கு மணியை இரண்டு முறை அடிப்பார். கட்டியபோது பெட்டிகளுக்கு இடையில் வழி வைக்கவில்லை. 117-இல் கழிவறை நடுப்பெட்டியில் மட்டும். முன்பெட்டியில் ஏறியவர் அடக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இடைவழி பிற்பாடு பொருத்தப்பட்டது. ஆகவே உங்கள் ஆண்டுக்கு எந்த நிலை சரி என்பதைக் குறிப்பிட்ட வண்டியின் தேதியிட்ட படம் ஒன்றை வைத்து முடிவு செய்யுங்கள்.

இது பார்க்கக் கம்பீரமான வண்டி. பச்சையில், முழு மஞ்சள் முகத்தோடு மாலை வெயிலில் நின்றால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் 79 செ.மீ. வண்டிக்கு நடைமேடை குறைந்தது 90 செ.மீ. வேண்டும், அதற்கு இரட்டைப் பாதை வேண்டும், வளைவும் பெரிதாக வேண்டும். ஒற்றை வண்டியாக ஓட்டினால் புறநகர் நெரிசல் வராது. கூட்ட நேரத்துக்கு ஆறு பெட்டி தேவைப்படும். நடைமேடையில் ஆட்களும் வேண்டும். நூறு மனித உருவங்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள். வண்டியின் விலையை எட்டிப் பிடிக்கும்.

கிளைப் பாதை செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பட்டணத்து நிலையம் ஒன்றைச் செய்ய இடமும் பொறுமையும் இருந்தால், இதற்கு மாற்றே இல்லை.

## டிரான்ஸ்-பென்னைன்: ஆசை காட்டும் வண்டி

ஸ்விண்டன் பணிமனை 1960-இல் கட்டி, 1961 ஜனவரியில் லிவர்பூல்–ஹல் பாதையில் ஓடத் தொடங்கிய ஆறு பெட்டி வண்டி. ஆறில் நான்கில் இன்ஜின். தலா 230 குதிரைத்திறனில் எட்டு இன்ஜின்கள், மொத்தம் 1,840. ஸ்டாண்டெஜ் சுரங்கத்தை நோக்கி ஏறும் மலைச்சரிவுகளுக்காகவே இந்தப் பலம். பக்கவாட்டில் வளைந்து திரும்பும் முகப்புக் கண்ணாடி, சுடச்சுடச் சமைத்துத் தரும் உணவுப் பெட்டி. அறுபதுகளின் இறுதியில் நீலமும் சாம்பலுமாக மாறியபோது அது கிளைப் பாதை வண்டிகளின் தூரத்து உறவினர்போலக்கூடத் தெரியவில்லை.

எல்லோருக்கும் இதன்மேல் ஆசை. எல்லோருக்கும் இது தவறான தேர்வு என்று சொல்ல மாட்டேன், ஏறத்தாழ எல்லோருக்கும். வண்டியே 1.6 மீட்டர். அது நுழைந்து நிற்கும் நிலையத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். சாதாரண வளைவுகளில் இது அசிங்கமாக நெளியும். கிட் பாகங்களாக வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசிச் செய்வதே நெடுநாள் வழியாக இருந்தது. கை பழகாதவருக்கு ஆறு பெட்டி என்பது இரண்டு ஆண்டு வேலை. எல்லாம் முடிந்தபின் அது வரும், நிற்கும், போகும். பிரிக்க முடியாது, வேன் மாட்ட முடியாது.

சங்கமாகச் சேர்ந்து பெரிய தளம் அமைப்பவர்களுக்கு மட்டும் இது சரி. அப்போது மான்செஸ்டர் எக்ஸ்சேஞ்ச் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; 1969 மே மாதம் மூடப்பட்டது, ஆகவே காலம் கச்சிதமாகப் பொருந்தும்.

## ரயில்பஸ்: தேதி தவறிய விருந்தாளி

"இடம் குறைவு, ரயில்பஸ் வாங்கலாமா?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். நான்கு சக்கரம், அகலமான சன்னல், பொம்மைபோன்ற உருவம்; மனம் போகத்தான் செய்யும். 1958-இல் ஐந்து நிறுவனங்கள் மொத்தம் 22 வண்டிகள் கட்டின. ஜெர்மனியின் வேகன் உண்ட் மஷினென்பாவ் ஐந்து கட்டியது. கார் செய்யும் ஏசி நிறுவனமும் ஐந்து. ஹெல்யான் இந்த இரண்டையும் மாதிரியாகக் கொண்டுவந்திருக்கிறது.

ஏசி வண்டிகள் ஓடிய கெம்பிள்–டெட்பரி பாதையில் டிரபிள் ஹவுஸ் என்ற மதுக்கடைக்காகவே ஒரு நிறுத்தம் இருந்தது. நடைமேடை தாழ்வு, ஏறி இறங்க ஒரு பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். 1964 ஏப்ரலில் பாதை மூடப்பட்டபோது, கடைசி வண்டியில் பீச்சிங்குக்கு முகவரி எழுதி ஒரு சவப்பெட்டியை ஏற்றி அனுப்பினார்கள். இதைச் செய்ய யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது 1964. 1968-க்குள் ரயில்பஸ்கள் அநேகமாக எல்லாமே பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. முழு மஞ்சள் முகத்தோடு நீல ரயில்பஸ் ஓட்டினால் அது கற்பனை ரயில்வே. கற்பனை தவறல்ல, தெரிந்து செய்யுங்கள், அவ்வளவுதான். ரயில்பஸ்மேல் உண்மையிலேயே காதல் என்றால் வண்டியை விட்டுவிடாதீர்கள், ஆண்டை 1962-க்குத் தள்ளுங்கள். அப்போது அதன் பக்கத்தில் நீராவியும் கிடைக்கும்.

## உங்கள் நிலைமைக்கு எது

ஒன்றரை மீட்டர் பலகை, அலமாரித் தட்டு, வாடகை வீடு: ஒற்றைப் பெட்டி. மேற்குப் பிராந்தியம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு பெட்டிக்குப் போங்கள். ஆனால் நடைமேடை பலகையின் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஊர் முடிவாகவில்லை, இதுதான் முதல் வண்டி: 101. வடமேற்கு இங்கிலாந்து என்று முடிவாகிவிட்டால் 108.

1968 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கடைசி நீராவிச் சிறப்பு ரயில் லிவர்பூலிலிருந்து கார்லைல் போய்த் திரும்பியது. அந்த வாரத்தைச் செய்ய விரும்பும் சிலர் உண்டு. அவர்களுக்கும் 108-தான்: மக்கள் கேமராவோடு காத்திருக்கும் நடைமேடையில், யாரும் திரும்பிப் பார்க்காமல் வந்து நிற்கும் உள்ளூர் வண்டி.

மூடப்படும் பாதையின் சோகம் வேண்டுபவர்கள் ஆக்ஸ்ஃபோர்ட்–கேம்பிரிட்ஜ் பாதையைப் பார்க்கலாம். 1967 இறுதியோடு அதன் இரு முனைகளும் பயணிகள் ரயிலை இழந்தன. பிளெட்ச்லி–பெட்ஃபோர்ட் நடுத்துண்டு மட்டும் பிழைத்தது. இரண்டு பெட்டி வண்டி, கீழே ஒரு வரி அறிவிப்புப் பலகை, போதும்.

## கைமாற்றில் வாங்கும்போது

விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். மோட்டார் எந்தப் பெட்டியில், சன்னலில் தெரிகிறதா? இரண்டு பெட்டியிலும் விளக்கு எரிகிறதா, அல்லது ஒன்றில் மட்டுமா? பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் உடையாமல் இருக்கிறதா? எண்கள் அசலா, மாற்றியதா? மாற்றியது என்றால் ஜோடி பொருந்துகிறதா என்று ஒரு படத்தோடு ஒப்பிடுங்கள்.

பின்விளக்கு பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்த வண்டிகளின் கடைசி முகப்பில் எண்ணெய் விளக்கு ஒன்றைக் கொக்கியில் மாட்டுவார்கள். முனைய நிலையத்தில் திசை மாறும்போது கார்டு அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். முந்தைய உரிமையாளர் அந்தக் குட்டி விளக்கைப் பசையால் ஒட்டியிருந்தால், உங்கள் வண்டி பாதி நேரம் முன்பக்கத்தில் பின்விளக்கோடு ஓடும். சூடான நீரில் நனைத்த பஞ்சை வைத்து மெதுவாக இளக்கிப் பாருங்கள். வண்ணம் உரிகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.